ரோடு இருந்தா வேன், டவர் இருந்தா பை

டிவியில ஓரமா சிவப்பு எழுத்துல 'நேரலை'ன்னு வருமே, அந்தப் படம் சம்பவ இடத்துல இருந்து உங்க வீட்டுக்கு எப்படி வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நான் போன நாடாளுமன்றத் தேர்தலப்பத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

முன்னெல்லாம் இதுக்கு வேன்தான். கூரை மேல பெரிய தட்டு ஆன்டெனா இருக்கும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துல நிக்கிற செயற்கைக்கோளுக்குப் படத்தை அனுப்பும். அது அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி வரும். வெளிச்சத்தோட வேகத்துல போனாலும் ஏறி இறங்கக் கால் செகண்டு ஆகும். ஸ்டுடியோவுல இருக்கிறவர் கேள்வி கேட்டதும் நிருபர் கொஞ்ச நேரம் சும்மா தலையாட்டிக்கிட்டு நிப்பாரே, அதுக்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

இப்ப வேன் கம்மி, முதுகுப் பைதான் அதிகம். பைக்குள்ள ஒரு பெட்டி, பேட்டரி, வேற வேற கம்பெனி சிம் கார்டு நாலஞ்சு. இஸ்ரேல்ல 2006ல தொடங்கின லைவ்யூ மாதிரி கம்பெனிகள் இதைப் பரப்பினாங்க. வேலை ரொம்பச் சுலபமா புரியும். நூறு மூட்டை மஞ்சளை நம்பர் போட்டு நாலு வண்டியில நாலு வழியா அனுப்பி, குடோன்ல நம்பர் வரிசையா அடுக்கிக்கிற மாதிரி. படத்தைத் துண்டு துண்டாக்கி, எந்த சிம்ல சிக்னல் நல்லா இருக்கோ அதுல கூடுதலா ஏத்தி அனுப்புது. ஸ்டுடியோவுல இருக்கிற சர்வர் அதையெல்லாம் திரும்பக் கோக்குது. ஒரு வழி அடைச்சாலும் படம் நிக்காது.

நேரலையால என்ன பிரயோசனம்னு கேட்டா, நான் 2019 அக்டோபரைச் சொல்வேன். மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுக் குழந்தை ஆழ்துளைக் கிணத்துல விழுந்துச்சு. 25ஆம் தேதி சாயங்காலத்துல இருந்து 29 விடியக்காலம் வரைக்கும் தமிழ்நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்துச்சு. குழந்தையைக் காப்பாத்த முடியல. தண்ணி வராத போரை மூடணும்னு உச்ச நீதிமன்றம் 2010லயே வழிமுறை போட்டிருந்தது. எங்க பக்கத்துல எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆனா அந்த நாலு நாள் பார்த்த பிறகு, எங்க காட்டுல வறண்டு கிடந்த ரெண்டு போருக்கும் நான் இரும்பு மூடி போட்டேன். பக்கத்துத் தோட்டக்காரங்களும் போட்டாங்க.

அதனாலதான் கேமரா போகாத இடத்தைப் பத்தி எனக்குக் கவலை. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்துலயே போதமலை இருக்கு. கீழூர், மேலூர், கெடமலைன்னு மேல மூணு ஊரு. சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் ரோடு இல்லாமலே இருந்த ஊருங்க. 2024 தேர்தலுக்கும் ஓட்டு மெஷினைத் தலைச்சுமையாத்தான் கொண்டு போனாங்க. அன்னைக்கு வடுகம் அடிவாரத்துல பையோட நின்ன ஒரு டிவி தம்பிகிட்டப் பேச்சுக் கொடுத்தேன்.

"மேல இருந்து லைவ் காட்ட மாட்டீங்களா தம்பி?"

"கேமரா ஏறும்ங்ண்ணா, லைவ் ஏறாதுங்க. ஏற ஏற எல்லா சிம்மும் ஒண்ணு ஒண்ணா படுத்துக்கும். எடுத்துட்டு வந்து கீழ இருந்துதான் அனுப்பணும்."

வேனுக்கு ரோடு வேணும், பைக்கு டவர் வேணும். ரெண்டும் இல்லாதவங்களோட கஷ்டம் நடக்கிற நேரத்துல யாருக்கும் தெரியாது. ஓட்டு மெஷின் ஏறுறது தேர்தலுக்குத் தேர்தல் செய்தியில வந்துடுது. பிரசவ வலி வந்த பொண்ணைத் தூளி கட்டி ராத்திரியில தூக்கிட்டு இறங்குறது எந்த நேரலையிலயும் வந்ததில்ல. மறுநாள் பேப்பர்ல நாலு வரி வந்தா உண்டு.

இப்ப போதமலைக்குச் சுமார் 140 கோடி ரூபாய்ல ரோடு போடுறாங்க. அது முடிஞ்சதும் முதல்ல 108 வண்டி மேல ஏறட்டும். டிவி வேன் அப்புறம் மெதுவா வரட்டும்.