ஒரு துளி மெருகு

நீலகிரியில் உதவிப் பங்குத் தந்தையாகப் பணியாற்றிய நாள்களில், தேயிலைத் தோட்டத்தில் கணக்கராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் மாலை வேளைகளில் செல்வதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பார் அம்மலை ஓடைகளில் பெருகச் செய்த ட்ரவுட் மீனைப் பிடிக்க, அவர் செயற்கை ஈக்கள் கட்டுவார். சிறு தூண்டில் முள்ளின்மீது நூலால் சேவலின் கழுத்திறகைச் சுற்றினால், நீர்மேல் வந்தமர்ந்த பூச்சியே என மீன் மயங்கும். எப்போதும் ஆறு ஆறாகவே கட்டுவார்.

இக்கலை பழமையானது. 1496-இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு ஈக்களை விவரிக்கிறது. அதை எழுதியவர் கன்னியர் மடத் தலைவி ஒருவர் என்பது மரபுவழிச் செய்தி.

“கட்டுவது பாதி, ஒட்டுவது பாதி” என்பார் பெரியவர். தொடக்கத்தில் நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் இறகு வழுக்காது. இறுதியில் முடிச்சின்மேல் மெருகு. அது நீர்த்திருந்தால் நூலுக்குள் ஊறிப் பிடிக்கும்; கெட்டியாயிருந்தால் மேலே பளபளக்குமேயன்றி உள்ளே இறங்காது. ஆகவே முதற்பூச்சு நீர்த்ததாகவும் அடுத்தது சற்றுக் கெட்டியாகவும் இருத்தல் நலம். எரிசாராயத்தில் கரைத்த அவலரக்கு இதற்கு உதவும். ஆனால் நெடுநேரம் நீரில் கிடந்தால் வெளுக்கும். எபாக்ஸி கண்ணாடிபோல் இறுகும். எனினும் எடை கூடும், நாளடைவில் மஞ்சளிக்கும். மிதக்க வேண்டிய ஈக்கு ஆகாது. நொடியில் ஒட்டும் சயனோ அக்ரிலேட் பசை இறகிழைகளில் ஏறி விறைக்கச் செய்யும். அதன் ஆவி படிந்த இடம் வெண்மை பூக்கும். புற ஊதா ஒளியில் நொடிகளில் இறுகும் இன்றைய பிசின்கள் அன்று நம் கையில் இல்லை.

பெரியவருக்குக் கண்புரை முற்றிய வேளையில், தடவித் தடவியே ஆறு ஈக்கள் கட்டி முடித்தார். மெருகிடும் வேலையை நம்மிடம் ஒப்படைத்தார். ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சற்றுப்போய், வெளிநாட்டில் வாழ்ந்த மகனுக்கு அவை. “கடிதம் எழுதினால் சண்டை வரும், சாமி. இதை அனுப்பினால் அவனுக்குப் புரியும்” என்றார்.

அன்று நமக்கு வேறு அலுவல் இருந்தது. அவலரக்கு காயும்வரை காத்திருக்க மனமின்றி நொடிப் பசையை எடுத்தோம். நான்கு ஈக்களில் இறகு விறைத்தது. நரம்பு நுழைய வேண்டிய முள்ளின் கண் அடைபட்டது. பெரியவர் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “இரண்டு இருக்கிறதே, சாமி, போதும்” என்றார்.

அவ்விரண்டுக்கும் ஊசி முனையால், நாளுக்கொரு பூச்சாக மூன்று நாள் மெருகிட்டோம். ஈரம் காயுமுன் இறகுத் தண்டை நுழைத்து முள்ளின் கண்ணைத் திறந்துவைத்தோம். அவை அஞ்சலில் சென்றன. மறுமொழி வருமுன், அடுத்த மழைக்காலத்தில் பெரியவர் கண்மூடினார்.

அடக்கத்திற்கு மகன் வந்திருந்தார். எல்லாரும் கலைந்தபின் நம்மிடம் ஒன்றே கேட்டார்: “அப்பா எப்போதும் ஆறாகத்தானே கட்டுவார், சாமி? என்மேல் பாதிக் கோபம் தீரவில்லையோ?”

நாம் அவரை அமரச் செய்து, மற்ற நான்கின் கதையைச் சொன்னோம். அவர் அழுதார். அன்பர்களே, நமது அவசரத்தின் விலையைப் பல வேளைகளில் பிறரே செலுத்துகிறார்கள். அதை ஒப்புக்கொள்வது காலந்தாழ்ந்ததாயினும் வீணன்று.