யாராட்ட இருந்துச்சு?

பீளமேட்டிலிருந்து சிங்காநல்லூர் வரை மில் சங்கு ஊதிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு ராத்திரி ஒரே துண்டாக இருந்ததில்லை. ஆப் நைட் முடிந்து ஒரு மணிவாக்கில் ஒரு கூட்டம் வீடு திரும்பும். தூக்குப்போசியோடு இன்னொரு கூட்டம் புல் நைட்டுக்குக் கிளம்பும். லைன் வீடு என்றால் ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு. பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் கண் விழித்தால் வாசற்படியில் வெள்ளை உருவம் ஒன்று நிற்கும். தலைமயிர், புருவம், மீசை எல்லாம் பஞ்சு. கார்டிங்கில் வேலை பார்த்த அப்பாதான். சட்டையை வெளியே உதறிவிட்டு ஓரத்தில் படுத்துக்கொள்வார். அதற்கு யாரும் பயந்ததில்லை.

பயந்தது இன்னொன்றுக்கு. கதவு திறக்காமலே வரும். கால்மாட்டில் நிற்கும், சில நாள் நெஞ்சின்மேல் ஏறி உட்காரும். கத்த நினைத்தால் குரல் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியின் மூச்சு காதில் விழும், ஆனால் அவனைத் தொட ஒரு விரலும் அசையாது. அமுக்குவான் என்பார்கள். முனி என்றவர்களும் உண்டு.

பெரியவர்களில் சிப்டுக்காரர்களைத்தான் அது அதிகம் தேடி வந்தது. என் தாய்மாமன் ரிங் பிரேமில் சைடு பார்த்தவர். புல் நைட் முடித்து வந்து, ஓட்டுச் சந்தில் வெயில் ஒழுக, பட்டப்பகலில் தூங்குவார். அவருக்கு அது பகலிலேயே வந்தது. பேய்க்கு நேரங்காலம் உண்டென்று நம்பியிருந்த எங்களுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. "மில்லுக்குள்ள இருந்து பின்னாலயே வந்திருக்குது" என்றார் அம்முச்சி.

அம்முச்சி சொன்னதில் பாதி சரி. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் கோவையில் மில்கள் அடுத்தடுத்து எழும்பின. கோழி கூவ எழுந்து விளக்கு வைத்ததும் படுத்த குடியானவர் உடம்புகள் வாரத்துக்கு ஒரு சிப்டு என்று மாறத் தொடங்கின. கனவு ஓடும் தூக்கத்தில் கண்ணுக்கும் மூச்சுக்குமான தசைகளை விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் மூளை கட்டிப்போட்டு வைக்கிறது. தூக்கம் நேரங்கெட்டுப் போனால் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடும். கண் அறையைப் பார்க்கும், கனவின் மிச்சமும் அங்கேயே நிற்கும். கனவுத் தூக்கத்தையே 1953-ல்தான் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அடையாளம் கண்டார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வந்த கட்டுரை, நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது நேர்கிறது என்றது. கனடாவின் நியூபவுண்ட்லாந்து மீனவர் ஊர்களில் நெஞ்சில் வந்து உட்காருவது ஒரு கிழவி.

அம்முச்சிக்கு இதெல்லாம் தெரியாது. "மல்லாக்கப் படுக்காத கண்ணு, ஒருக்களிச்சுப் படு" என்பார். மல்லாந்து படுப்பவர்களுக்கே இது அதிகம் வருகிறது என்று மருத்துவர்களும் இப்போது சொல்கிறார்கள். தலைமாட்டில் இரும்புச் சாவியும் கால்மாட்டில் சீமாறும் வைத்ததற்கு மட்டும் மருத்துவச் சான்று கிடையாது. வைத்தால் தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

எனக்கு இன்று நினைவில் நிற்பது பயமல்ல, மறுநாள் காலையில் குழாயடியில் நடக்கும் விசாரணை. ஆம்பளையா பொம்பளையா? முடி விரிஞ்சிருந்துச்சா, கொண்டை போட்டிருந்துச்சா? எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு? போலீஸ் ஸ்டேஷனில் கூட அத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். கேள்விகளின் முடிவில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். கிணற்றில் விழுந்த அத்தையாக இருக்கும், இல்லாவிட்டால் அம்மையில் போன பிள்ளை. உடனே பேச்சு அந்த அத்தைக்குப் போகும். அவள் சுட்ட கச்சாயம், அவள் கட்டிய சுங்குடிச் சேலை, புருசனோடு போட்ட சண்டை. நாங்கள் பிறக்குமுன் செத்துப்போனவர்களையெல்லாம் இப்படித்தான் எங்களுக்குத் தெரியும்.

லைனில் வயசான மில்காரர் ஒருவர் இருந்தார். தன் கட்டிலருகே நாலு பேர் சேர்ந்து நின்றதாக ஒருநாள் சொன்னார். யாரும் கேள்வி கேட்கவில்லை. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்களான ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் நால்வரும் 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்றால் அந்தத் தலைமுறைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பெரியவர் கண்டது கனவின் மிச்சம்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நாலு பேரையும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் படிக்கவில்லை. அவர் கட்டிலோரத்தில்தான் முதலில் கேள்விப்பட்டேன்.

சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இப்போது ராத்திரி சிப்டு சரவணம்பட்டிப் பக்கம் நடக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகன், விடியற்காலையில் வந்து படுத்தவன், அறை மூலையில் ஒரு உருவத்தைப் பார்த்திருக்கிறான். "ஸ்லீப் பராலிசிஸ் மாமா, ஒண்ணும் பண்ணாதுங்க" என்றான். போனில் படித்துவிட்டானாம். சமையலறையில் இருந்த அக்கா அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு வந்தாள்.

"பொம்பளையா?"

"ஆமா. நைட்டி போட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்ப நம்ம அம்முச்சி இல்ல. அம்முச்சி ஒருநாளும் நைட்டி போட்டதில்ல." கொஞ்சம் யோசித்தாள். "இந்த பிளாட்டுல நமக்கு முன்னால ஆரு குடியிருந்தாங்க?"

"புரோக்கரைத்தாம்மா கேக்கோணும்" என்றான்.