செல்ஃப் எடுக்கலையா? முதல்ல ஹெட்லைட்டைப் போடுங்க

பழைய கார் இருக்கிற வீட்டுல அடிக்கடி காதுல விழுற வாக்கியம்: "செல்ஃப் எடுக்கல". இந்த ரெண்டு வார்த்தைக்குள்ள நாலஞ்சு வேற வேற வியாதி ஒளிஞ்சிருக்கு. வைத்தியம் மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்: "பேட்டரியை மாத்திடுங்க சார்".

ஒலக்கூர்ல எங்க பெரியப்பாகிட்ட ஒரு பெட்ரோல் அம்பாசடர் இருக்கு. உத்தரபாராவுல 2014-ல தயாரிப்பை நிறுத்தினாங்களே, அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி வாங்கினது. ராத்திரியில தெருவுல யாருக்காவது உடம்பு முடியலன்னா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிதான். ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, செல்ஃப் மோட்டாரைக் கழட்டி கார்பனும் மாத்தியாச்சு. அப்பவும் காலையில தள்ள ரெண்டு பேர் வேணும். ஹேண்டில் டிக்கியில கிடக்கு, ஆனா அதைச் சுத்த பெரியப்பா தோள்பட்டை இப்போ ஒத்துக்காது. (1912-ல கேடிலாக் காருக்கு சார்லஸ் கெட்டரிங்கோட எலெக்ட்ரிக் செல்ஃப் வர்ற வரைக்கும் ஹேண்டில் திருப்பி அடிச்சு கை உடைஞ்சவங்க ஏராளம்.) பழைய இரும்புக்காரர் விலை பேசிட்டுப் போயிட்டார். பெரியம்மா பாதி சம்மதிச்சாச்சு.

இந்த மாதிரி நேரத்துல பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி ஹெட்லைட்டைப் போடுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் கட்டாயம். ஒருத்தர் சாவியைத் திருப்பணும், இன்னொருத்தர் ஓரமா நின்னு விளக்கைப் பார்க்கணும். விளக்கு பளிச்சுன்னு இருந்து மோட்டார் மூச்சே விடலன்னா, கரண்ட் அங்க போய்ச் சேரல: சாவி சுவிட்ச், சொலினாய்டு, நடுவுல ஒயர். விளக்கு செத்துப்போய் 'கடகட'ன்னு சத்தம் வந்தா பேட்டரி டவுன், இல்ல டெர்மினல் லூஸ். மோட்டார் மட்டும் 'உய்ய்ங்'னு சுத்தி இன்ஜின் அசையலன்னா பென்டிக்ஸ். இன்ஜின் வேகமா சுத்தியும் பத்திக்கலன்னா செல்ஃபைத் திட்டாதீங்க, பாயிண்ட், காயில், பெட்ரோல் பக்கம் போங்க.

பெரியப்பா வண்டி இதுல எதுலயும் அடங்கல. விளக்கு லேசாத்தான் மங்குச்சு, மோட்டார் மட்டும் முனகுச்சு. கூடவே ஒரு விசித்திரம்: நாலு தடவை செல்ஃப் அடிச்சதும் சோக் குமிழ் சுடுது!

அம்பாசடர் இன்ஜின் உக்காந்திருக்கிறது ரப்பர் மேல. மோட்டாருக்குள்ள போன கரண்ட் பாடிக்குத் திரும்பி வர, பின்னல் மாதிரி ஒரு எர்த் பட்டைதான் வழி. அது துருப்பிடிச்சா கரண்ட் சந்துபொந்தெல்லாம் தேடும். சோக் கம்பி இன்ஜினையும் தொடுது, பாடியையும் தொடுது. அப்புறம் சுடாம என்ன செய்யும்?

நம்ம ஓம் விதிதான் மக்களே. செல்ஃப் இழுக்கிறது 150 ஆம்பியர்னு வைங்க. எர்த்துல வெறும் 0.02 ஓம் இருந்தாலே 3 வோல்ட் காலி. இதுல தமாஷ் என்னன்னா, மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சுப் பார்த்தா எல்லாம் சரின்னே காட்டும். சாதா மீட்டருக்கு 0.02 கண்ணுக்கே தெரியாது. அதனால சுமை இருக்கும்போது வோல்ட்டைப் பார்க்கணும். காயிலுக்கு வர்ற ஒயரைக் கழட்டிட்டு, மீட்டரோட கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் சிவப்பை இன்ஜின் பிளாக்குலயும் வச்சு செல்ஃப் அடிக்கணும். (மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து வண்டின்னா பாசிட்டிவ் எர்த், மாத்திப் பிடிங்க.) அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. எங்களுக்கு 2.8!

நெகட்டிவ்லேர்ந்து இன்ஜினுக்கு ஒரு ஜம்பர் கேபிளைக் கொடுத்துப் பார்த்தோம். மோட்டார் கடகடன்னு சுத்துச்சு. திண்டிவனத்துல செல்ஃப் டைனமோ கடையில புதுப் பட்டை வாங்கி, அது உக்கார்ற ரெண்டு இடத்துலயும் பெயிண்ட், துரு எல்லாம் போய் இரும்பு மின்னுற வரைக்கும் தேய்ச்சு, இறுக்கி, மேல கிரீஸ் தடவினோம். பேட்டரி விலையோட பார்த்தா அந்தச் செலவு ஒண்ணுமே இல்ல.

முதல்ல "செத்துப்போச்சு"ன்னு கழட்டின பேட்டரி இன்னும் திண்ணைக்கு அடியிலதான் கிடந்துச்சு. சார்ஜ் போட்டு மறுநாள் அளந்தேன், 12.5 நிக்குது. இப்போ வண்டியில இருக்கிறது அதுதான் :-)