பேணத் தெரிந்தவனுக்கே பொருள் சொந்தம்

காசு கொடுத்து வாங்கிய நாளிலேயே ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிட்டதாக இளமையில் எல்லோரும் நம்புகிறோம். வயது ஏற ஏற அந்த நம்பிக்கை கரைந்துவிடுகிறது. பேணிக் காக்கும்வரைதான் எதுவும் நம்முடையது. வீடு, உடம்பு, உறவு எல்லாமே அப்படித்தான். எனக்கு இதைப் பதியும்படி கற்றுக்கொடுத்தவை மாதிரி ரயில்கள். நெடுங்காலமாக அவற்றைச் சேர்த்தும் துடைத்தும் ஓட்டியும் வருகிறவன் என்ற உரிமையில், இளையவர்களிடம் சில செய்திகளைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

ரயில் மேல் பிரியம் வருவதற்கு நம் ஊரில் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. 1955-ல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபின், இந்தியா முழுவதும் ஓடும் பெட்டிகளைச் செய்யும் ஊராகச் சென்னை ஆனது. திருச்சிக்குப் பொன்மலைப் பணிமனை ஒரு தனி அடையாளம். என் தலைமுறையில் பலர் ரயில் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லி வளர்ந்தவர்கள். பிறகு கரி என்ஜின்கள் போயின. மீட்டர் கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப்பாதை ஆயின. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில், 2004-ல் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. கண்ணெதிரே மறைந்துபோனதை உள்ளங்கை அளவிலாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் பலரைப் போல நானும் மாதிரி ரயில்களிடம் வந்து சேர்ந்தேன்.

இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் 1859-ல் பொம்மை வீட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கிய மார்க்லின் குடும்பம், 1891-ல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் காட்சிக்கு வைத்தது. தண்டவாளங்களின் அகலத்தை அவர்கள் தரப்படுத்தினார்கள். அதனால் இன்று ஓர் என்ஜினும் அடுத்த ஆண்டு இரண்டு பெட்டியும் அதற்கடுத்த ஆண்டு பாதை பிரியும் ஒரு பாயின்ட்டும் வாங்கினால், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி, தன் பிள்ளைகள் பொருத்தி விளையாடச் செய்த உலோகத் துண்டுகளுக்கு 1901-ல் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மெக்கானோ என்று அறிந்தது. 1920-ல் அவருடைய நிறுவனம் ரயில்களும் செய்யத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, வாங்கியதை வீணாக்காமல் மேலே கட்டிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம்தான் இந்த இரண்டு முயற்சிகளுக்கும் அடித்தளம். சிறு வருவாய்க் குடும்பம் வீடு கட்டுவதும் இந்த முறையில்தான்.

இன்று உலகில் மிகுதியாகப் புழங்குவது எச்.ஓ. அளவு. உண்மையான ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது அது. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பியப் பாதை அதில் 16.5 மில்லிமீட்டராகிறது. நம் அகலப்பாதையோ 1,676 மில்லிமீட்டர். கணக்குப்படி சுருக்கினால் 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அந்த அளவில் தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை. ஆகவே இந்திய என்ஜின்களை மாதிரியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் பாதையிலேயே அவற்றை ஓட்டுகிறார்கள். சிலர் மட்டும் தண்டவாளத்தைக் கையாலேயே போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு வழிகளும் எனக்கு மதிப்புக்குரியவைதான். எங்கே விட்டுக்கொடுப்பது, எங்கே பிடிவாதமாக நிற்பது என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு வேலையில் இறங்குவது நல்லது. தொழிலும் இல்லறமும் நடத்துகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

சேர்ப்பவருக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை, எல்லை போட்டுக்கொள்ளுங்கள் என்பது. ஓர் இடத்தையும் ஒரு காலத்தையும் தேர்ந்தெடுங்கள். விழுப்புரத்திலிருந்து தஞ்சாவூர் போகும் மீட்டர் கேஜ் பாதையில் ஒய்.பி. நீராவி என்ஜின் ஓடிய நாட்கள் ஒருவருக்குப் போதும். 1 : 12 ஏற்றத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதை இன்னொருவருக்கு வாழ்நாள் வேலை. எல்லை இருந்தால் ஒவ்வொரு பெட்டியின் நிறமும், கூரையின் வளைவும், நிலையத்துப் பெயர்ப்பலகையின் எழுத்தும் மனத்தில் பதியும். எல்லை இல்லாதவர் கடையில் கண்டதையெல்லாம் வாங்குவார். அலமாரி நிறையும், அறிவு நிறையாது. எத்தனை என்ஜின்களுக்கு ஒழுங்காக எண்ணெய் போட உங்களால் முடியுமோ அத்தனைதான் உங்கள் அளவு. அதற்குமேல் வாங்குவதெல்லாம் வீட்டுக்குள் பாரம்.

அடுத்தது பராமரிப்பு. மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவுதான். அங்கே தூசியோ எண்ணெய்ப் படலமோ படிந்தால் 12 வோல்ட் மின்சாரம் தடுமாறும், என்ஜின் விக்கும். இதற்காக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. தேய்த்த கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேருமே தவிர, குறை தீராது. பஞ்சு உதிராத மெல்லிய துணியைச் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைப்பதே சரியான வழி. என்ஜின் மேலிருக்கும் வண்ணத்தில் மட்டும் அது படக்கூடாது. பற்சக்கரங்களுக்கும் அச்சுக்கும் எண்ணெய் போடும்போது, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயாகப் பார்த்து, ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தால் போதும். மிகுந்த எண்ணெய் மோட்டாருக்குள் இறங்கிக் கெடுக்கும், தண்டவாளத்தில் வழிந்து சக்கரத்தை வழுக்கச் செய்யும். அன்பிலும் கண்டிப்பிலும் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

பெரிய ரயில்வேயும் இப்படிப்பட்ட சிறு வேலைகளால்தான் நிற்கிறது. தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்துவரும் கீமேனை நீங்கள் கண்டிருப்பீர்கள். தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்கிவிட்டு அவர் மேலே நடப்பார். விரைவு ரயிலில் தூங்கிக்கொண்டு போகிற ஆயிரம் பேருக்கு அவர் முகம் தெரியாது. ஆனாலும் அந்தத் தூக்கம் அவர் கொடுத்தது. பெட்டிகளைக் குறித்த காலத்தில் பணிமனைக்குக் கொண்டுபோய்க் கழற்றிப் பார்த்துச் செப்பனிடும் முறையை ரயில்வேக்காரர்கள் பி.ஓ.எச். என்பார்கள். பழுதாகும்வரை அங்கே யாரும் காத்திருப்பதில்லை. நலமாக ஓடும்போதே கழற்றிப் பார்க்கும் இந்தப் பழக்கம் நம் உடல்நலத்துக்கும் குடும்பக் கணக்குக்கும் வந்துவிட்டால், பல துயரங்கள் வாசலோடு திரும்பிப் போகும்.

மூன்றாவது செய்தி, ஓட்டுங்கள் என்பது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் என்று சிலர் பூட்டி வைக்கிறார்கள். பூட்டிய பெட்டிக்குள்ளும் காலம் வேலை செய்கிறது. பற்சக்கரங்களில் போட்ட கிரீஸ் மெழுகாக இறுகும். சக்கரப் பிடிப்புக்காக மாட்டிய ரப்பர் வளையம் காய்ந்து வெடிக்கும். உள்ளே வைத்த ஸ்பாஞ்சு நாளடைவில் பிசுபிசுத்து வண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊரில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், ஈரம் எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, அவ்வப்போது மாற்ற வேண்டும். நேர் வெயில் படும் அலமாரி கூடவே கூடாது. இவற்றோடு, முறை வைத்து ஒவ்வொரு என்ஜினையும் எடுத்துச் சிறிது நேரமாவது இருபுறமும் ஓட்ட வேண்டும். அவ்வப்போது ஓடும் என்ஜினில் குறை உடனுக்குடன் தெரிந்துவிடும். தெரிந்த குறையைச் சரிசெய்வது எளிது.

நின்றால் கெடும், பேணினால் ஓடும் என்பதற்குப் பெரிய சான்று பெரம்பூரிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-ல் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி என்ஜின் 1909-ல் ஓய்வு பெற்று, ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப்பொருளாக நின்றது. நிற்பதாலேயே துருவும் இழப்பும் கண்ட அந்த என்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனைக்குக் கொண்டுவந்தார்கள். இல்லாத பாகங்களை நம் தொழிலாளர்கள் புதிதாகச் செய்து பொருத்தி, 2010-ல் மீண்டும் ஓட வைத்தார்கள். நீலகிரி மலை ரயிலுக்குத் தேவையான பல்சக்கர என்ஜின்களை ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்தோம். பின்னாளில் அவற்றைப் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டினார்கள். பழையதைப் பேணத் தெரிந்த கைகள்தான் புதியதைக் கட்டவும் வல்லவை.

ஓட்டும்போது நிதானம் வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எச்.ஓ. அளவுக்குச் சுருக்கினால் நொடிக்கு 32 சென்டிமீட்டர் வரும். நிலையத்துக்குள் நுழையும் ரயில் அதிலும் மிகக் குறைவான வேகத்தில்தான் ஊர வேண்டும். கட்டுப்பாட்டுக் குமிழைத் தொட்ட எந்தப் பிள்ளையும் முதலில் முழுவேகத்தில்தான் திருப்பும். ரயில் வளைவில் கவிழும். தானாகவே குமிழைக் குறைத்து, பிளாட்பாரத்தின் நுனியில் பெட்டியைச் சரியாக நிறுத்தக் கற்றுக்கொண்ட நாளில் அந்தப் பிள்ளை ஒரு படி வளர்ந்திருக்கும். எத்தனை நீதிபோதனை வகுப்பு எடுத்தாலும் அந்தப் பொறுமை வராது. கையும் கண்ணும் சேர்ந்து கற்றால்தான் வரும்.

எவ்வளவு பேணினாலும் சில பொருள்கள் போகும். இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த பல மாதிரிகளின் வார்ப்புத் துத்தநாகத்தில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்தது. பல்லாண்டுகள் கழித்து அந்த உலோகம் உள்ளிருந்தே வீங்கி, விரிசல் விட்டு, விரலால் தொட்டால் உதிர்கிறது. ஈரம் அதை விரைவுபடுத்தும். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. உலர்ந்த இடத்தில் வைத்து அதன் நாட்களை நீட்டலாம், படம் பிடித்து அளவெடுத்துக் குறித்து வைக்கலாம், அவ்வளவுதான். வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன். காப்பாற்ற முடியாதது நம் குற்றமாகாது. கடைசிவரை உடனிருப்பதும் பராமரிப்பில் ஒரு பகுதிதான்.

வேலை மிகுந்தவர்கள், எங்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். பாடகர் ராட் ஸ்டூவர்ட் உலகம் சுற்றிப் பாடிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான், தன் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டு மாடியில் 124 அடி நீளத்துக்கு ஒரு மாதிரி ரயில் நகரத்தைக் கட்டினார். முடிக்க 23 ஆண்டுகள் பிடித்தன. பயணம் போன இடங்களில் ஓட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்து, அங்கே உட்கார்ந்து கட்டடங்களைச் செய்து வண்ணம் பூசினார். புகழும் பணமும் இருந்தவர் வாங்கி அடுக்கியிருக்கலாம். கையால் செய்யும் இன்பத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நம் நாட்டிலும், புணேயின் கோத்ருட் பகுதியில் பி.எஸ். ஜோஷி என்பவர் இளமை முதல் வளர்த்த ஆசை, 1998-ல் பொதுமக்கள் வந்து பார்க்கும் சிற்றுரு ரயில் அருங்காட்சியகமாக மலர்ந்தது. அவருக்குப் பின்னும் குடும்பத்தார் அதைப் பேணி வருகிறார்கள்.

அந்தக் குடும்பத்தைத்தான் மூத்தவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவேன். சேர்த்தவர் மறைந்தபின், மதிப்புத் தெரியாமல் அத்தனையும் பழைய சாமான் கடைக்குப் போவதுண்டு. குடும்பத்தாரை அதற்குக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்களுக்கு எதுவுமே சொல்லப்படாமல் இருந்திருக்கும். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த என்ஜின் எங்கே வாங்கியது, என்ன பழுது பார்த்தது, கடைசியாக எப்போது எண்ணெய் போட்டது, யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்றெல்லாம் தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விடுங்கள். பெட்டிகளை இணைக்கும் கப்ளர் உடைந்தால் மாற்றலாம், உடைந்த கைப்பிடியை ஒட்டலாம். தொடாதே, தொடாதே என்று விரட்டிய பிள்ளையின் ஆர்வத்தைத் திரும்ப ஒட்ட எந்தப் பசையும் இல்லை.

இளையவர்களே, ரயிலில்தான் உங்களுக்கு ஆசை இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையோ, மிதிவண்டியோ, மாடித் தோட்டமோ, அப்பா விட்டுப்போன கைக்கடிகாரமோ, ஏதாவது ஒன்று இருக்கட்டும். உங்கள் கையால் துடைக்கிற, பழுது பார்க்கிற, இயக்கி வைக்கிற ஒரு பொருளாவது வீட்டில் இருக்கட்டும். அதைத் தெரிந்து வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள், தவறாமல் பேணுங்கள், தகுந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பொருள் உங்களிடமிருந்து பெறும் கவனம் வீணாவதில்லை. ஒரு சிறு என்ஜினின் தடுமாற்றத்தைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கப் பழகியவர், வீட்டில் ஒருவர் குரல் கம்மும்போதும் உடனே கண்டுகொள்வார்.