கடலின் கால அட்டவணை

இரயில்வே எழுத்தனுக்குக் கால அட்டவணை இன்னொரு வேதம். மாகிமிலிருந்து எந்த வண்டி எத்தனை மணிக்குப் புறப்படும் என்று உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆயினும், வீட்டிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவிலுள்ள கடல் எப்பொழுது வரும், எப்பொழுது விலகும் என்பதை அறியாமலே பல ஆண்டுகளை இந்நகரில் கழித்துவிட்டேன். இவ்வாண்டுத் தை அமாவாசையன்றுதான் அதனைக் கற்றேன்.

தாராவியில் 90 அடிச் சாலைக்கு அருகே எங்கள் குடியிருப்பு. நான், என் மனைவி, பெண் ஒன்று, ஆண் ஒன்று, என் தாயார் ஆக ஐவர். 2018ஆம் ஆண்டு ஊரில் தந்தையார் நோயுற்றிருப்பதாகச் செய்தி வந்தது. "அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம்" என்று நான்தான் ஒத்திப்போட்டேன். திருநெல்வேலிச் சீமைக்கு இரண்டு இரவுப் பயணம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அஸ்தியைத் தம்பி திருச்செந்தூர்க் கடலில் கரைத்துவிட்டிருந்தான்.

அதன் பின் தாயார் எங்களோடு வந்துவிட்டார். என்னை அவர் ஒரு சொல் கடிந்ததில்லை. ஒவ்வோர் அமாவாசையும் மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைப்பார். எப்போதேனும், "ஒரு நாள் கடலப் பாக்கணும்யா" என்பார். "அடுத்த ஞாயிறு" என்பேன். ஞாயிறுகள் வந்தன, போயின. ஒன்றில் எனக்கு வேலை, ஒன்றில் தண்டவாளப் பணிக்காக வண்டிகள் நிறுத்தம், மற்றொன்றில் உறக்கம்.

இவ்வாண்டு தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்தது. குழந்தைகள் ஜுஹு கடற்கரைக்குப் போகவேண்டுமென்று பிடிவாதம் செய்தனர். ஆச்சியே அவர்களைத் தூண்டிவிட்டவர் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. விடியுமுன் இட்டிலியும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு மாகிமில் வண்டி ஏறினோம். பாந்த்ராவுக்கு முன்னுள்ள கழிமுகப் பாலத்தைக் கடக்கையில், தாராவியே முன்னாளில் இக்கழியின் கரையில் இருந்த கோலி மீனவர் ஊர்தான் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சாந்தாகுரூஸில் இறங்கிப் பேருந்து பிடித்து, ஏழு மணிக்குக் கரையை அடைந்தோம்.

"ஏ ஐயா, கடலக் காணுமே!" என்றார் தாயார்.

உண்மைதான். ஈர மணல் பரந்து கிடந்தது. நீரோ எங்கோ தொலைவில் ஒரு கோடாகத் தெரிந்தது. திருச்செந்தூரில் படி இறங்கினால் அலை காலைத் தொடும். அந்தக் கரையில் பிறந்தவருக்கு இக்காட்சி ஏமாற்றமாகவே இருந்தது. கடலை விற்றுக்கொண்டிருந்த முதியவரிடம் என் மகள் மராத்தியில் விசாரித்தாள். "ஆச்சி, இப்ப ஓஹோட்டியாம், அதாவது வத்தம். பர்தி, ஏத்தம், மத்தியானம் வருமாம். அமாவாசையும் பௌர்ணமியும் எப்பவும் மத்தியானந்தானாம்" என்று மொழிபெயர்த்தாள். வீட்டில் அவள் மராத்தி பேசினால் கடிந்துகொள்ளும் நான் அன்று வாய் திறக்கவில்லை.

பின்னர் நூல்களில் பார்த்து அறிந்ததையும் இங்கே கூறுகிறேன். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கதிரவனும் திங்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்று நீரை ஈர்ப்பதால் ஏற்றம் மிகும். நம் தூத்துக்குடிக் கரையில் அது ஒரு மீட்டருக்கும் குறைவு. மும்பைக்கு அப்பால் கடலடி அகன்றும் ஆழமின்றியும் இருப்பதாலும், வடக்கே காம்பே வளைகுடாவை நோக்கிக் கடல் குறுகுவதாலும் இங்கே 3 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. இவ்வேற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தாமதித்து வரும். எங்கள் வண்டிகளின் தாமதம் போலன்றி, இத்தாமதம் கணக்குத் தவறாதது!

மணலில் அமர்ந்து உண்டோம். தாயார் மட்டும் "வயிறு சரியில்ல" என்று ஒதுங்கிக்கொண்டார். 1924இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காந்தியடிகள் உடல் தேற வந்து தங்கியது இந்த ஜுஹுவில்தான்; அங்குள்ள அவர் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு வந்தேன். தாயார் அசையாமல் நீரையே நோக்கியிருந்தார்.

பதினோரு மணியளவில் கடல் வந்துவிட்டது. கூச்சலிட்டுக்கொண்டு பாயை இழுத்தோம். என் செருப்புகளுள் ஒன்றைக் காணவில்லை. பிள்ளைகள் சிரித்துக் களித்தனர். தாயார் எழுந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி எள்.

"வாய்யா, அப்பாவுக்குத் தண்ணி விடு."

எனக்கு நாவெழவில்லை. "அம்மா, நான் காலையிலேயே இட்டிலி தின்றுவிட்டேனே" என்றேன்.

"பிள்ளை பசியாறினா அவுக கோவிக்க மாட்டாக."

"அப்பாவைக் கரைத்தது கீழைக் கடலம்மா. இது மேலைக் கடல்."

"ரெண்டும் கன்னியாகுமரியில சேரத்தானய்யா செய்யுது?"

முழங்காலளவு நீரில் நின்று எள்ளும் நீரும் இறைத்தேன். மந்திரம் தெரியாது, தந்தையார் பெயரை மும்முறை சொன்னேன். பிந்தி வந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அதன் பின்னரே தாயார் புளிச்சோறு உண்டார். இருமுறை கேட்டு வாங்கி உண்டார். வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

மாலையில் கடல் மீண்டும் விலகிற்று. கதிரவன் நீருக்குள் இறங்குவதை ஆச்சியும் பேத்தியும் கைகோத்து நின்று பார்த்தனர். "நம்மூர்ல கடல்லேருந்து வரும், இங்க வந்து படுத்துக்கிடுதோ" என்று வியந்தார் தாயார். வெறுங்காலோடு நான் வண்டி ஏறினேன்.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடற்கரை செல்லுமுன் ஏற்ற வற்ற நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நீரில் இறங்காதீர்கள். செருப்பை மேட்டில் வையுங்கள். வீட்டில் வயது முதிர்ந்தோர் எதையேனும் ஒருமுறை கேட்டால், "அடுத்த ஞாயிறு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் இரண்டாம் முறை கேட்பதற்குள் எத்தனை நாள் தயங்கியிருப்பார்கள் என்பதை எந்த அட்டவணையிலும் பார்த்துக்கொள்ள முடியாது.