மோதிர விரல்

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்புகளைத் தாண்டிப் போகும் ஒரு சந்தில், மாடியில் நடக்கிறது அந்த கிட்டார் கிளாஸ். கீழே அயர்ன் கடை. படியேறும்போதே சூடான துணியின் வாசனையும் சுருதி சேராத ஆறேழு கிட்டார்களின் சத்தமும் சேர்ந்து வரும். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகளைக் கூட்டிவந்து விட்டு, முடியும்வரை சுவரோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு வாரப் பத்திரிகை. அதைப் படிப்பதாகப் பேர்.

நான் பார்ப்பது அந்தப் பெரியவரைத்தான். ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1955இல் திறந்த அந்தத் தொழிற்சாலையில் அவருடைய அப்பாவும் வேலை பார்த்தவராம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு குட்டி டேப். பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, மாஸ்டருக்கு சார். மாஸ்டருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது.

பெரம்பூருக்கு கிட்டார் புதிதல்ல. ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த இடம். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருவில் கேட்டிருக்கிறேன் என்று ஒருநாள் பெரியவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஆசையை மூட்டியது அதுவல்ல. 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. அந்தப் பாட்டின் தொடக்கத்தை ஒரு தடவை சொந்தக் கையால் வாசித்துவிட வேண்டும். இந்த ஊரில் கிட்டார் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் இதே ஆசையோடுதான் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன். மாஸ்டர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பாட்டைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

முதலில் சுருதி. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. போனில் ட்யூனர் இருக்கிறது, பச்சை விளக்கு எரிந்தால் முடிந்தது. மாஸ்டர் அதோடு விடமாட்டார். ஆறாவது கம்பியை ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தால் வருவதுதான் ஐந்தாவது கம்பியின் சத்தம். அப்படியே ஒவ்வொன்றாகக் கீழே இறங்க வேண்டும். மூன்றாவது கம்பிக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட். “அது ஏன் மாஸ்டர் அங்க மட்டும் ஒண்ணு குறையுது?” என்று பெரியவர் கேட்டார். பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை. அப்படி வைத்தால்தான் கார்டுகள் கைக்குள் அடங்கும் என்று மாஸ்டர் பிடித்துக் காட்டினார்.

பிறகு விரல். பெரியவரின் உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. நாற்பது வருஷம் ஸ்பேனர் பிடித்த கை. ஆனால் கிட்டாருக்குக் காய்ப்பு வேண்டிய இடம் இடக்கை விரல்நுனி. அங்கே அவருக்கும் என் அக்கா மகளுக்கும் ஒரே தோல்தான். அவளுடையது முக்கால் சைஸ் கிட்டார், நைலான் கம்பி. அவருடையது மகன் வாங்கிப் போட்டுவிட்டுப் போன ஸ்டீல் கம்பி கிட்டார். வாசித்து முடித்ததும் நுனிகளில் குறுக்கே கோடு விழுந்து சிவந்திருக்கும். அதை யாரும் பார்க்காதபடி வேட்டியில் துடைத்துக்கொள்வார். நுனி மரத்துப்போக நாலைந்து வாரம் ஆகும். அதற்குள் நிறைய கிட்டார்கள் பீரோ மேல் ஏறிவிடுகின்றன.

அவர் போல்ட் முடுக்குகிற மாதிரி அமுக்குவார். கட்டைவிரல் வெளுத்து, தோள்பட்டை வரை விறைத்துப்போகும். அப்படியும் கம்பி கரகரக்கும். மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அமுக்காதீங்க சார். சும்மா தொட்டு வைங்க. வலக்கையால மீட்டிக்கிட்டே இருங்க. இப்ப கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க... கரகரப்பு எங்க நிக்குது?”

“இங்க.”

“அவ்ளோதான். அதுக்கு மேல போடுற பலம் எல்லாம் வேஸ்ட்.”

விரலை ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதற்குக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி வைத்தார் மாஸ்டர். பாதி பலத்தில் மணி மாதிரி கேட்டது. பெரியவர் கிட்டாரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். ஏமாற்றப்பட்டவர் முகம்.

அடுத்த வாரம் டேப் வெளியே வந்தது. நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்தார். அங்கிருந்து பிரிட்ஜில் கம்பி உட்காரும் எலும்புப் பட்டை வரை அளந்தார். இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பியின் சரிபாதியில்தான் அடுத்த ஸ்தாயி வரும்; இதை மாஸ்டர்தான் சொல்லியிருந்தார்.

“மாஸ்டர், இந்தப் பக்கம் ரெண்டு மில்லி கூட இருக்கு. பட்டையும் கோணலா இருக்கு. கம்பெனில தப்பா ஒட்டிட்டான்.”

மாஸ்டர் சிரித்தார். “தப்பு இல்ல சார், வேணும்னே வச்சது. விரலால அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபடுது இல்ல? சத்தம் ஏறிடும். அதுக்குத்தான் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறது. தடிச்ச கம்பிக்கு இன்னும் கொஞ்சம் கூட. அதனால கோணல்.”

“அலவன்ஸ்!” என்றார் பெரியவர். அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

ஈ மைனர் இரண்டே விரல், முதல் நாளே வந்துவிட்டது. சி கார்டும் வந்தது, ஏ மைனரும் வந்தது. தனித்தனியாகக் கேட்டால் குறையே சொல்ல முடியாது. வராதது இரண்டுக்கும் நடுவில் இருந்த இடம். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக ஆள்காட்டி விரல் அசைய வேண்டாம், நடுவிரல் அசைய வேண்டாம். மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பியை விட்டு மூன்றாவது கம்பிக்கு வந்தால் போதும். ஆனால் அந்த ஒரு விரல் கிளம்பினால் அவருக்கு மொத்தக் கையும் கிளம்பிவிடும். மூன்று விரலும் கம்பியை விட்டு எழுந்து, காற்றில் ஒரு கணம் திகைத்து நின்று, ஒவ்வொன்றாக இறங்கி இடம் தேடும். அதற்குள் மெட்ரோனோம் இரண்டு தட்டு தாண்டியிருக்கும். என் அக்கா மகளுக்கு மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும், பாதிக் கம்பிகள் மட்டும் ஊமையாக இருக்கும். அவருக்கு எல்லாம் பேசும், ஆனால் லேட்டாகப் பேசும்.

கிட்டார் கற்பது என்றால் கார்டு கற்பது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறோம். இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பயிற்சியில் பெரும்பகுதி விடுவதற்குத்தான் போகிறது. எந்த விரலை விடுவது, எதை விடாமல் வைப்பது, எவ்வளவு உயரம் தூக்குவது. மாஸ்டர் அறுபதில் வைத்த மெட்ரோனோமை ஐம்பதுக்கு இறக்குவார். பிறகு வலக்கையையே நிறுத்தச் சொல்வார். சத்தமே இல்லாமல் சி, ஏ மைனர், சி, ஏ மைனர். பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மோதிர விரலை மட்டும் முறைத்துப் பார்ப்பார்.

வாசலில் நின்ற ஒரு அம்மா, “சார், டிரினிட்டி கிரேடு எப்ப எழுதலாம்? இளையராஜாவே அதுலதான பாஸ் பண்ணாரு?” என்றார். “எழுதலாம்மா, முதல்ல இனிஷியல் இருக்கு” என்ற மாஸ்டரின் கண் பெரியவரின் விரலை விட்டு நகரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் பயப்படும் எஃப் கார்டு அவருக்குச் சுலபமாக வந்துவிட்டது. ஒற்றை ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் குறுக்கே அமுக்கிப் பிடிக்க வேண்டும். இளவட்டங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கு நிற்பார்கள். ஸ்பேனர் பிடித்த கைக்கு அது பொருட்டே இல்லை. ஒரு காலேஜ் பையன், “தாத்தா, எப்படி?” என்று வாயைப் பிளந்தான். அவர் கையை விரித்துக் காட்டினார். மறுபடி சி-க்குப் போகச் சொன்னபோது அதே தேடல்.

போன வாரம் டங் என்று ஒரு சத்தம். இரண்டாவது கம்பியை மீட்டிக்கொண்டே முதல் கம்பியின் கீயைத் திருகியிருக்கிறார். சத்தம் மாறவில்லையே என்று இன்னும் திருகியிருக்கிறார். அறுந்த கம்பி சுருண்டு தொங்கியது. மாஸ்டர் புதுக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். “குடுங்க” என்று பெரியவர் கையை நீட்டினார்.

குண்டு முனையை பிரிட்ஜ் ஓட்டைக்குள் இறக்கி, பின்னைச் செருகி, கம்பியை இழுத்துப் பார்த்து உட்கார்ந்ததா என்று உறுதி செய்தார். சுற்றுக்கு வேண்டிய தொய்வை விரலால் அளந்து விட்டார். ஒரு சுற்றுக்குக் கீழே அடுத்த சுற்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஸ்பிரிங் மாதிரி படிந்தது. பையிலிருந்து அவருடைய சொந்தக் கட்டிங் பிளேயர் வந்தது. மிச்சத்தை நறுக்கி, முனை குத்தாமல் உள்ளே மடக்கினார். இடக்கை கீயைத் திருக, வலக்கை கம்பியைத் தாங்க, ஒரு விரல்கூட வீணாக எழவில்லை.

மாஸ்டர் குனிந்து சுற்றுகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த இரண்டு கிளாஸ் கிட்டார்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சார், இதுலயும் கம்பி மாத்தணும். நீங்களே மாத்திக் குடுத்துருங்க. அது முடிச்சிட்டு சி, ஏ மைனர் எடுக்கலாம்.”