மேடம் க்ளிக்கோவின் பத்தாயிரம் பாட்டில்கள்

பாரீஸின் கிழக்கு ஸ்டேஷனில் ரயில் ஏறி, பேப்பரைப் பிரித்துத் தலைப்புச் செய்திகளை மேய்வதற்குள் ரேன்ஸ் வந்துவிடுகிறது. முக்கால் மணி நேரப் பயணம்தான். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'ரெய்ம்ஸ்' என்று வரும். அப்படிச் சொல்லி டிக்கெட் கேட்டால் கவுன்ட்டர் அம்மாள் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். மூக்கால் 'ரேன்ஸ்' என்று சொல்ல வேண்டும். ஜலதோஷம் இருந்தால் உச்சரிப்பு தானாக வந்துவிடும்.

பிரெஞ்சு ராஜாக்களுக்கு முடிசூட்டிய கதீட்ரல் இங்கேதான் இருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததும் டூரிஸ்ட்டுகள் எல்லாரும் ஒரே திசையில் நடக்க ஆரம்பிக்கிறார்கள். நானும் நடந்தேன். காரணம், இந்த ஊரின் நிஜமான சொத்து தரைக்குக் கீழே இருக்கிறது. ஷாம்பெய்ன்!

பூமி முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. ரோமானியர் காலத்திலிருந்து கட்டடத்துக்குக் கல் வெட்டி எடுத்து எடுத்து, மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் ராட்சசப் பள்ளங்களை விட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே வருஷம் முழுக்க பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர். கரண்ட் பில் வராத ஏ.ஸி.! முதல் உலகப் போரில் ரேன்ஸ் மீது குண்டு மழை பொழிந்தபோது ஜனங்கள் இந்தப் பாதாளங்களில்தான் குடித்தனம் நடத்தினார்கள். பள்ளிக்கூடம்கூட உள்ளேயே நடந்ததாம். 2015-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

நான் இறங்கியது 'வவ் க்ளிக்கோ' கம்பெனியின் பாதாளத்தில். மஞ்சளா ஆரஞ்சா என்று பட்டிமன்றம் வைக்கும்படியான கலரில் லேபிள் ஒட்டியிருப்பார்களே, அந்தக் கம்பெனி. 1877-லேயே அந்த மஞ்சள் லேபிளை டிரேட் மார்க்காகப் பதிவு செய்துவிட்டார்கள். 'வவ்' என்றால் பிரெஞ்சில் விதவை. விதவை க்ளிக்கோ! கல்யாண ரிசப்ஷனில் 'டப்' என்று திறக்கிற பாட்டிலுக்கு இப்படி ஒரு பேரா? நம்மூர்ப் பாட்டிகள் கேட்டால் சகுனத் தடை என்று ரிசப்ஷனையே ஒத்திப் போட்டிருப்பார்கள்.

இந்தப் பேருக்குப் பின்னால்தான் விஷயமே இருக்கிறது.

1772-ல் ஃபிலிப் க்ளிக்கோ என்பவர் கம்பெனியை ஆரம்பித்தார். ஜவுளி, பாங்க் தொழில், கூடவே கொஞ்சம் ஒயின். அவருடைய மகன் ஃப்ரான்சுவாவுக்கும் இன்னொரு ஜவுளிப் பணக்காரரின் மகள் பார்ப்-நிக்கோலுக்கும் 1798-ல் கல்யாணம். 1805-ல் ஃப்ரான்சுவா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். மனைவிக்கு வயது 27. கையில் ஆறு வயசுப் பெண் குழந்தை.

அந்தக் காலச் சட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நெப்போலியன் கொண்டுவந்தது. கல்யாணமான பெண் என்பவள் புருஷன் பொறுப்பு. புருஷன் சம்மதமில்லாமல் ஓர் ஒப்பந்தத்தில்கூட அவளால் கையெழுத்துப் போட முடியாது. விதவைக்கு இந்தக் கட்டு இல்லை! அவளுடைய சொந்தக் கையெழுத்து செல்லும்.

பார்ப்-நிக்கோல் அழுது முடித்துவிட்டு மாமனாரிடம் போய், "வியாபாரத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். மாமனார் நல்ல மனுஷர், சம்மதித்தார். ஃபூர்னோ என்கிற அனுபவசாலியோடு நாலு வருஷம் கூட்டு. லாபம் பெரிதாக இல்லை. 1810-ல் கூட்டு முடிந்ததும் மேடம் தன் பெயரிலேயே போர்டு மாட்டினார்: வவ் க்ளிக்கோ பொன்சார்தான்.

நேரம் சரியில்லை. ஐரோப்பா முழுக்க நெப்போலியனின் சண்டை. துறைமுகங்கள் அடைப்பு. ஆர்டர் கிடையாது. ஆனால் 1811-ல் வானத்தில் ஒரு வால் நட்சத்திரம் தெரிந்தது, தோட்டத்தில் அபாரமான திராட்சையும் விளைந்தது. அந்த ஒயின் விற்க வழியில்லாமல் பாதாளத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

1814-ல் நெப்போலியன் விழுந்தான். சமாதானம் முழுசாக நிலைபெற்று, வியாபாரத் தடை நீங்கும்வரை மற்ற கம்பெனிகள் பொறுத்திருந்தன. மேடம் பொறுக்கவில்லை. அவருடைய டிராவலிங் சேல்ஸ்மேன் பெயர் லூயி போன். (பேர்தான் போன். தகவல் எல்லாம் கடிதத்தில்தான்!) ரகசியமாக ஒரு டச்சுக் கப்பலைப் பிடித்து, 10,550 பாட்டில்களை ஏற்றி, போனையும் ஏற்றி, ரஷ்யா பக்கம் அனுப்பிவிட்டார். வழியில் மடக்கினால் சரக்கு போச்சு. கோடை வெயிலில் பாட்டில் வெடித்தாலும் போச்சு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் யாரும் இந்தக் கப்பலைக் கனவில்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

கப்பல் பத்திரமாகக் கோனிக்ஸ்பெர்க் போய்ச் சேர்ந்தது. லூயி போன் ஆளைத் தேடிப் போகவே வேண்டியிருக்கவில்லை. அவர் தங்கியிருந்த இடத்தைத் தேடி வாங்குகிறவர்கள் வந்தார்கள். போட்டியாளர்கள் விஷயம் தெரிந்து கண்ணைக் கசக்கும்போது மேடத்தின் அடுத்த கப்பல் கிளம்பியிருந்தது. அப்புறம் ரஷ்யப் பிரபுக்கள் வீட்டில் 'க்ளிக்கோ' என்றாலே ஷாம்பெய்ன் என்று அர்த்தமாகிவிட்டது.

ஆர்டர் குவிந்ததும் புதுத் தலைவலி. ஷாம்பெய்னில் நுரை வருவது பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை புளிப்பதால். உள்ளே கார் டயரைப் போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம். புளித்து முடித்த ஈஸ்ட் அடியில் கசடாகத் தங்கும். கலங்கிய சரக்கை எந்தப் பிரபு குடிப்பான்? வேறு பாட்டிலுக்கு மாற்றினால் நுரை போய்விடும்.

1816 வாக்கில் மேடமும் அவருடைய ஆள் ஆன்ட்வான் முல்லரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேஜையில் துளை போட்டு பாட்டில்களைத் தலைகீழாகச் செருக வேண்டியது. தினம் கொஞ்சம் திருப்ப வேண்டியது. சில வாரத்தில் கசடு முழுக்கக் கழுத்துக்கு வந்துவிடும். மூடியைத் திறந்தால் அழுத்தத்திலேயே கசடு 'புஸ்' என்று வெளியே துள்ளிவிடும். ஒயின் பளிங்கு! மேடத்தின் வீட்டு சமையலறை மேஜையைத்தான் துளைத்தார்கள் என்று கைடு பெண் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். இப்போது பெரும்பாலும் மெஷின் திருப்புகிறது. கையால் இரண்டு மாதம் ஆகும் வேலை மெஷினில் ஒரு வாரம்.

பி.காம். படித்த பாவத்துக்கு எனக்கு நுரையைவிட பேலன்ஸ் ஷீட்தான் கண்ணில் தெரிந்தது. சட்டப்படி சாதா ஷாம்பெய்னே 15 மாதம் பாதாளத்தில் கிடக்க வேண்டும். விளைந்த வருஷத்தைப் போட்டு விற்பது என்றால் மூன்று வருஷம். நல்ல கம்பெனிகள் அதற்கும் மேலே வைத்திருக்கும். எந்நேரமும் பல வருஷத்து விற்பனை அளவுக்கு ஸ்டாக் தூங்குகிறது. நம் ஆபீஸில் ஸ்டாக் மூன்று மாதம் நகராவிட்டால் மானேஜருக்கு மெமோ. இங்கே நகராமல் இருப்பதுதான் சரக்கு!

இன்னொரு வேடிக்கை. ஷாம்பெய்ன் வட்டாரத்தின் சுமார் 34,000 ஹெக்டேர் தோட்டத்தில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான சின்ன விவசாயிகளிடம் இருக்கிறது. விற்பனையில் பெரும்பகுதி பெரிய கம்பெனிகளிடம். திராட்சை அவனுடையது, பேர் இவனுடையது. லாபம் எந்தப் பக்கம் நுரைக்கும் என்று உங்களுக்கே தெரியும். 1911-ல் வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து கலப்படம் செய்கிறார்கள் என்று விவசாயிகள் கிளம்பி ஒயின் வியாபாரிகளின் கிடங்குகளைக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் 'ஷாம்பெய்ன்' என்ற பெயருக்கு எல்லை கட்டும் சட்டங்கள் இறுகின.

2010-ல் ஃபின்லாந்தின் ஓலாந்து தீவுகள் பக்கம் கடலுக்கடியில் ஒரு பழைய கப்பலில் 168 ஷாம்பெய்ன் பாட்டில்கள் கிடைத்தன. அதில் மேடத்தின் சரக்கும் இருந்தது. சுமார் 170 வருஷம் கடலடியில் கிடந்தும் குடிக்கும்படி இருந்ததாம். 2011-ல் ஒரு பாட்டில் 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. லிட்டருக்கு 140 கிராமுக்கு மேல் சர்க்கரை! இன்றைய 'ப்ரூட்' ஷாம்பெய்னில் 12 கிராமுக்கும் குறைவு. அந்தக் காலத்து ஆட்கள் குடித்தது ஒயின் இல்லை ஸார், பாயசம்.

2021-ல் அதே ரஷ்யா, 'ஷாம்பெய்ன்' என்ற பெயர் ரஷ்யத் தயாரிப்புக்கு மட்டும்தான், வெளிநாட்டுச் சரக்கெல்லாம் 'நுரைக்கும் ஒயின்' என்று ரஷ்ய மொழியில் பின் லேபிள் ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. 1987-லிருந்து வவ் க்ளிக்கோ எல்.வி.எம்.ஹெச். குழுமத்தில் இருக்கிறது. குழுமத்தின் மது கம்பெனி கொஞ்ச நாள் சப்ளையை நிறுத்தி முறுக்கிக்கொண்டது, பிறகு ஒட்டுகிறோம் என்று ஒப்புக்கொண்டது. வியாபாரத்தில் ரோஷத்துக்கும் ஷெல்ஃப் லைஃப் உண்டு.

மேடம் 1866-ல், 88 வயதில் இறந்தார். மாப்பிள்ளை பிரபு வம்சம், செலவாளி. அவர் கையில் கம்பெனி போகவில்லை. சாதாரண ஊழியராகச் சேர்ந்து பார்ட்னராக உயர்ந்த எட்வார் வெர்லேயிடம் போனது. மேடம் மறுமணம் செய்துகொள்ளவும் இல்லை. செய்துகொண்டிருந்தால் மறுநாளே செக் புக் முதல் கப்பல் வரை எல்லாக் கையெழுத்துக்கும் புதுப் புருஷன் சம்மதம் வேண்டியிருந்திருக்கும்.

பிரெஞ்சு மனைவிகள் புருஷனின் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகலாம், சொந்தமாக பாங்க் அக்கவுண்ட் திறக்கலாம் என்று சட்டம் வந்தது 1965-ல். மேடம் போய் 99 வருஷம் கழித்து. அந்த மஞ்சள் லேபிளில் இருக்கிற 'வவ்' என்ற வார்த்தையைத் துக்கச் செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் அந்தம்மாளின் டிரேட் லைசென்ஸ்!